நக்ஷத்திரங்களின் நாடி பார்த்த எட்டிங்டன்

மண்பானை வாங்கச் சந்தைக்குப் போகிறவன் பானையை உடைத்துப் பார்த்து வாங்குவதில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறான். எழும் ஓசையைக் கேட்டு, பானை முழுதாக இருக்கிறதா, விரிசல் கண்டிருக்கிறதா என்று தீர்மானித்து விடுகிறான். வைத்தியரும் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, உள்ளே நடப்பதை ஊகித்தறிகிறார். எந்தக் கருவியாலும் எட்ட முடியாத நக்ஷத்திரங்களின் உட்புறத்தையும் இவ்விதமே அவற்றின் துடிப்பைக் கொண்டு அறியலாம் என்பதைக் கணித ஆதாரத்துடன் உலகத்தார் ஏற்கும்படி செய்தவர் ஸர் ஆர்தர் ஸ்டான்லி எட்டிங்டன்.

அவர் பெயரை நம் நாட்டில் அறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரணங்களால் அறிந்திருக்கிறார்கள். ஐன்ஸ்டீனின் சித்தாந்தத்தைச் சூரிய கிரகணத்தின்போது சோதித்தவர் என்பது ஒன்று. சென்னையில் படித்துச் சென்ற சந்திரசேகர் என்ற வாலிபரைச் சபை நடுவே பரிகசித்தவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கவர்ந்த வேலை இவ்விரண்டும் அல்ல. நக்ஷத்திரங்களின் உள்ளமைப்பே அவர் தமக்கென எடுத்துக்கொண்ட வழக்கு. அதைப் பாராமல் அவரைப் புகழ்வதும் இகழ்வதும் ஒருதலைத் தீர்ப்பாகவே முடியும் என்பது நமது அபிப்பிராயம்.

1882-ம் வருஷம் டிசம்பர் மாதம் 28-ந் தேதி இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள கெண்டல் என்ற ஊரில் எட்டிங்டன் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அவர் விஷ ஜுரத்துக்கு இரையானார். தாயார், மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு தென்மேற்கே வெஸ்டன் என்ற கடற்கரை ஊரில் குடியேறி, சொற்ப வருமானத்தில் அவர்களை வளர்த்தார். குடும்பத்தார் குவேக்கர்கள், எந்தக் காரணத்துக்காகவும் மனிதன் மனிதனைக் கொல்லலாகாது என்பதை மதாசாரமாகவே கொண்ட கிறிஸ்தவக் கூட்டத்தார். பையன் உபகாரச் சம்பளத்திலேயே படித்தான். பதினாறு வயது நிறையுமுன் மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கல்லூரியிலும், 1902-ல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியிலும் சேர்ந்தான். கேம்பிரிட்ஜ் கணிதப் பரீக்ஷையில் முதல் ஸ்தானம் பெறுவது அந்நாளில் சாமானியமான கீர்த்தியல்ல. இரண்டாவது வருஷத்திலேயே பரீக்ஷைக்கு அமர்ந்து அந்த முதலிடத்தை 1904-ல் எட்டிங்டன் அடைந்தார். அவருக்கு முன் இரண்டாம் வருஷ மாணவர் எவரும் அதை அடைந்ததில்லை. 1906-ல் கிரீனிச் வானிலையத்தில் உத்தியோகம். 1913-ல் கேம்பிரிட்ஜில் வான சாஸ்திரப் பேராசிரியர் பதவி. 1914-ல் அங்குள்ள வானிலையத்தின் தலைமை. அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. தாயாரும் தமக்கையாரும் வானிலையத்து வீட்டில் அவருடனேயே வசித்தனர்.

அந்த வருஷமே மஹாயுத்தம் மூண்டது. 1916-ல் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சட்டம் வந்தபோது, அவருடைய வேலை தேசத்துக்கு முக்கியமானதென்று சர்வகலாசாலை எடுத்துக் கூறி அவருக்கு விலக்குப் பெற்றது. 1918-ல் அந்த விலக்கை ரத்துச் செய்யவேண்டுமென்று சர்க்கார் அப்பீல் செய்தார்கள். எட்டிங்டனோ விசாரணை மன்றத்தின் முன், சாஸ்திரத்தின் பேரால் மட்டும் தமக்குச் சலுகை வேண்டுவதற்கு மாறாக, மனச்சாட்சியின் பேரிலேயே யுத்த சேவையை மறுப்பதாகக் கூறினார். அந்நாளில் இங்கிலாந்தில் அப்படிச் சொல்வது எத்தகைய அவமானத்தை வருவிக்கும் என்பதும், அவ்விதம் சொன்ன பலர் சிறையில் கிடந்தனர் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. ராஜாங்க வான சாஸ்திரியான ஸர் பிராங்க் டைஸன் குறுக்கிட்டு, அடுத்த வருஷம் வரும் சூரிய கிரகணத்தை ஆராய எட்டிங்டன் இன்றியமையாதவர் என்று எழுதியதன் பேரில், கிரகண வேலையை நிபந்தனையாக வைத்து மன்றம் விலக்களித்தது. நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு இந்தத் தீர்ப்பு விநோதமாகவே தோன்றுகிறது. மனச்சாட்சியை ஒப்புக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. கௌரவமாக ஒரு சந்து வைத்து வழக்கை முடித்துவிட்டார்கள்.

விசாரணை மன்றத்தின் படி ஏறி இறங்கிய அந்த 1918-ம் வருஷத்திலேதான் எட்டிங்டன் துடிக்கும் நக்ஷத்திரங்களைப் பற்றிய தம் கணிதத்தை உருவாக்கினார்.

விஷயம் இதுதான். வடவானில் ஸீபியஸ் மண்டலத்தில் டெல்டா என்ற நக்ஷத்திரம் ஒன்று உண்டு. 1784-ல் யார்க் நகரத்தில் ஜான் குட்ரிக் என்ற இருபது வயதுச் செவிட்டு வாலிபர் அதை இரவுதோறும் கவனித்து, அதன் ஒளி ஐந்து நாளும் சுமார் ஒன்பது மணியும் கொண்ட கால அளவில் ஏறி இறங்குவதைக் கண்டார். இருபத்தோராம் வயதிலேயே அவர் மாண்டார். அதைப்போல் ஒளி மாறும் நக்ஷத்திரங்கள் பிறகு பலவாகக் கண்டுபிடிக்கப்பட்டு, ஸீபியட் என்ற பொதுப் பெயர் பெற்றன. 1894-ல் பெலோபோல்ஸ்கி என்ற ருஷ்யர் நிறமாலையை ஆராய்ந்து, டெல்டா நக்ஷத்திரத்தின் மேற்பரப்பு அதே கால அளவில் நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதுமாக இருப்பதைக் கண்டார். ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை நக்ஷத்திரங்கள் என்றே எல்லோரும் அதற்கு விளக்கம் கூறினர். இந்த விளக்கத்தை அமெரிக்கரான ஷாப்ளி 1914-ல் குறுக்கு விசாரணை செய்தார். இரண்டாவது நக்ஷத்திரம் ஒன்று இருந்தால் அதன் சுற்றுப் பாதை முதல் நக்ஷத்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே அமையவேண்டியிருக்கும் என்பதை எடுத்துக்காட்டினார். ஆகவே மேற்பரப்பு அசைவதற்குக் காரணம் நக்ஷத்திரமே உப்புவதும் ஒடுங்குவதுமாக இருக்கவேண்டும்.

துடிக்கிறது என்று சொல்லிவிடலாம். எப்படி, ஏன், எவ்வளவு காலம் என்று காட்ட வேண்டாமா? அந்தப் பொறுப்பை எட்டிங்டன் ஏற்றார். ஒரு வாயுக் கோளத்தைச் சற்று அமுக்கி விட்டால் உள்ளழுத்தம் அதை வெளியே தள்ளுகிறது. அது அளவு மீறி விரிந்ததும் ஆகர்ஷணம் திரும்ப உள்ளே இழுக்கிறது. இவ்விரு சக்திகளுக்கும் இடையே அந்தக் கோளம் ஊஞ்சலாடுகிறது. ஓர் ஆட்டத்துக்குப் பிடிக்கும் காலம் நக்ஷத்திரத்தின் சராசரி அடர்த்தியைப் பொறுத்தது. அடர்ந்த நக்ஷத்திரம் விரைந்து துடிக்கும். ஊதிப் பெருத்து அடர்த்தி குறைந்தது மெதுவாகத் துடிக்கும். இந்த விதியின் வித்தை ரிட்டர் என்ற ஜெர்மானியர் 1879-லேயே கண்டிருந்தார். ஆனால் அதை உண்மையான நக்ஷத்திரங்களோடு பொருத்திப் பார்த்தவர் எட்டிங்டன். ஒளி மிகுந்த ஸீபியட்டுகள் நீண்ட கால அளவு கொண்டவை என்பதை ஹார்வர்டு வானிலையத்தில் ஹென்ரியெட்டா லீவிட் அம்மையார் 1912-ல் வெளியிட்டிருந்தார். ஒளி மிகுந்தவை பெருத்தவை; பெருத்தவை அடர்த்தி குறைந்தவை; ஆதலால் அவை மெதுவாகத் துடிக்கின்றன என்று அந்தக் கண்டுபிடிப்புக்கும் காரணம் கிடைத்தது.

1919-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலிலுள்ள பிரின்ஸிபித் தீவில் மேகங்களுக்கு நடுவே அவர் கிரகணத்தைப் படம் பிடித்ததும், பிரேஸிலில் ஸோப்ரால் என்ற ஊரில் வேறொரு கோஷ்டியார் பிடித்த படங்களும் சேர்ந்து, சூரியனருகே ஒளி வளைகிறது என்ற ஐன்ஸ்டீனின் வாக்கை மெய்ப்பித்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதை. யுத்தம் ஓய்ந்து ஓராண்டு ஆகுமுன், ஜெர்மனியில் வேலை செய்த ஒருவரின் சித்தாந்தத்தை ஆங்கிலேயர் ஒருவர் நிலைநாட்டினார் என்பதே அதில் நமக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்குமேல் அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

நம் மனத்தை அதைவிட அதிகமாகக் கவர்வது 1920-ல் கார்டிப் நகரத்தில் பிரிட்டிஷ் சாஸ்திர முன்னேற்றச் சங்கத்தாரின் கூட்டத்தில் அவர் செய்த பிரசங்கம். சூரியனும் நக்ஷத்திரங்களும் எதை எரித்து ஒளி வீசுகின்றன என்பது அப்போது தீராத வழக்கு. நக்ஷத்திரம் தன் பாரத்தால் தானே சுருங்குகிறது, அந்தச் சுருக்கத்தினால் உஷ்ணம் பிறக்கிறது என்று கெல்வின் பிரபு கூறியிருந்தார். அப்படியானால் சூரியனுக்கு இரண்டு மூன்று கோடி வருஷங்களுக்கு மேல் ஆயுள் இராது. பாறைகளை ஆராய்ந்தவர்களோ பூமிக்கே அதனினும் மிக நீண்ட வயது உண்டென்று வற்புறுத்தினர். இந்த வழக்கில் எட்டிங்டன் எதிர்பாராத ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றினார். டெல்டா நக்ஷத்திரம் சுருங்குவதனால் ஒளிவீசுகிறது என்றால் அதன் அடர்த்தி ஆண்டுதோறும் ஏறவேண்டும். அடர்த்தி ஏறினால் துடிப்பின் காலம் ஆண்டுக்குப் பற்பல விநாடிகள் குறையவேண்டும். குட்ரிக்கின் காலம் முதல் கணக்கு இருக்கிறது. காணப்பட்ட குறைவோ ஆண்டுக்குப் பத்தில் ஒரு விநாடி அளவுதான். ஆகவே கெல்வின் பிரபுவின் கட்சி தோற்றது. நக்ஷத்திரத்துக்குச் சுருக்கத்தைத் தவிர வேறு சொத்து உண்டு. அது எது? நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடையைவிட ஒரு ஹீலியம் அணுவின் எடை 120-ல் ஒரு பங்கு குறைவு என்று ஆஸ்டன் கேம்பிரிட்ஜில் அப்போதுதான் அளந்திருந்தார். அந்தக் குறைந்த எடையே சக்தியாக வெளிப்பட்டு நக்ஷத்திரங்களை எரிக்கிறதென்று எட்டிங்டன் கூறினார். அணுக்கருவைப் பற்றிய முழு விவரமும் தெரியாத காலம் அது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகே ஹான்ஸ் பேத்தே முதலியோர் அந்த ரஸவாதத்தின் படிகளை விளக்கினர். இந்தச் சக்தி என்றேனும் மனிதன் கைக்கு வந்தால் அவன் அதைக் கொண்டு வாழவும் கூடும், தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளவும் கூடும் என்பதையும் அந்தப் பிரசங்கத்திலேயே குவேக்கரான அவர் குறிப்பிடத் தவறவில்லை. அவர் மறைந்த ஒன்பதாவது மாதத்தில் ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு விழுந்தது.

1926-ல் நக்ஷத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. நக்ஷத்திரத்தின் பாரத்தைத் தாங்குவதில் வாயுவின் அழுத்தத்தோடு ஒளியின் அழுத்தமும் சேர்கிறதென்பதும், எடை கூடக் கூட ஒளி எந்த விகிதத்தில் கூடும் என்பதும் அதில் விளக்கப்பட்டிருந்தன. பிழைகள் இல்லாமலில்லை. நக்ஷத்திரங்களும் பூமியைப்போல் இரும்பு முதலிய கனமான பொருள்களாலானவை என்ற அக்காலத்து நம்பிக்கையை அவரும் கொண்டிருந்தார். அதனால் சூரியனின் மையத்தில் நான்கு கோடி டிகிரி உஷ்ணம் இருக்குமென்று கணக்கிட்டார். இன்று தெரிந்த அளவு சுமார் ஒன்றரைக் கோடி. கேம்பிரிட்ஜில் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டே வான சாஸ்திரத்துக்குத் திரும்பிய ஸிஸிலியா பெயின் அம்மையார், நக்ஷத்திரங்களில் ஹைட்ரஜனே மிகுதி என்பதற்குரிய அத்தாட்சியை 1925-லேயே அமெரிக்காவில் கண்டார். 1932-ல் எட்டிங்டனும் தம் கணக்கைத் திருத்தி, ஹைட்ரஜன் ஏராளமாக உண்டென்று ஒப்புக்கொண்டார்.

துடிப்பைப் பற்றி மட்டும் ஒரு புதிர் அவரை விடவே இல்லை. தள்ளுவாரில்லாத ஊஞ்சல் சிறிது நேரத்தில் நின்றுவிடும். நக்ஷத்திரத்தின் துடிப்பும் அவ்விதமே அதன் ஆயுளில் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கிவிடவேண்டும் என்று கணக்குக் கூறியது. அடங்கவில்லையே, தள்ளுவது யார்? நீராவி இயந்திரத்தில் சரியான சமயத்தில் திறந்து மூடும் வால்வு இருப்பதுபோல் நக்ஷத்திரத்திலும் ஒன்று இருக்கவேண்டுமென்று எட்டிங்டன் கருதினார். ஒடுங்கும்போது உஷ்ணத்தை வெளியே விடாமல் அடைத்து, விரியும்போது திறந்துவிடும் வால்வு. ஆனால் சாதாரணமாக வாயு ஒடுங்கிச் சூடேறும்போது ஒளியை அதிகமாகவே வெளியே விடுகிறது. அது துடிப்பைக் கொல்லும் காரியம். 1941-ம் வருஷத்தை ஒட்டி, அணுக்கள் தங்கள் எலெக்ட்ரான்களை இழக்கும் வெளிப் படலங்களில் வால்வு இருக்கலாம் என்று அவர் சரியான திசையில் கை நீட்டினார். ஹைட்ரஜன் படலத்தை அவர் காட்டினார். ஹீலியம் தன் இரண்டாவது எலெக்ட்ரானை இழக்கும் சுமார் 40,000 டிகிரிப் படலமே முக்கியமானது என்று ஷெவாகின் என்ற ருஷ்யர் 1950-க்குப் பிறகு நிரூபித்தார். தேடிய வீட்டை விட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார் என்று சொல்லலாம். தெரு சரியான தெருதான்.

இனி, நம் நாட்டார் மறக்க முடியாத அந்த நாளுக்கு வருவோம். சுப்பிரமணிய சந்திரசேகர் சென்னை இராஜதானிக் கல்லூரி மாணவராயிருந்தபோதே எட்டிங்டனின் நூலைக் கற்றவர். 1930-ல் இங்கிலாந்து சென்றவர், 1933-ல் டிரினிடி கல்லூரியின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய வெண்குள்ள நக்ஷத்திரங்களுக்கு ஓர் எடை வரம்பு உண்டென்றும், சூரியனின் எடையைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்டால் அவை தம் பாரத்தைத் தாங்கமாட்டா என்றும் அவர் கண்டார். எட்டிங்டன் அடிக்கடி அவருடைய அறைக்கு வந்து கணக்கு எம்மட்டில் இருக்கிறதென்று விசாரிப்பார். கட்டுரை படிப்பதற்கு வழக்கத்துக்கு மேற்பட்ட நேரமும் வாங்கிக் கொடுத்தார். 1935-ம் வருஷம் ஜனவரி மாதம் 11-ந் தேதி லண்டனில் ராயல் வான சாஸ்திர சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி அமர்ந்தவுடன் எட்டிங்டன் எழுந்து, அந்தச் சித்தாந்தத்தின் அஸ்திவாரமே பிழை என்றும், நக்ஷத்திரம் இத்தனை அசட்டுத்தனமாக நடந்துகொள்ள இயற்கை இடந்தராது என்றும் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். இருபத்துநான்கு வயது வாலிபருக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை. பதில் சொல்லச் சந்தர்ப்பமும் அளிக்கப்படவில்லை.

நிற வேற்றுமையே இதற்குக் காரணமென்று சொல்வாருண்டு. அதற்குத் தக்க அத்தாட்சி நமக்குக் கிடைக்கவில்லை. ஜீன்ஸ், மில்ன் என்ற தம் நாட்டுப் பேராசிரியர்களையும் அதே சங்கத்தில் அதே கூர்மையுடன் எட்டிங்டன் தாக்கியிருக்கிறார். அணுவையும் அண்டத்தையும் ஒரே சூத்திரத்தில் கட்டிவிடலாம் என்று அப்போது அவர் ஒரு பெருங்கனவு கண்டுகொண்டிருந்தார். சந்திரசேகரின் முடிவு அந்தக் கனவுக்குப் பொருந்தவில்லை. ஆனால் இதைச் சொல்லி அவர் குற்றத்தைக் குறைக்க நாம் விரும்பவில்லை. வாதத்தில் எதிர்ப்பது ஒன்று. தம் கீர்த்தியின் பளுவை ஓர் இளைஞன் தலைமேல் இறக்குவது வேறு. சர்க்காருக்கு எதிரே மனச்சாட்சி ஒன்றையே துணைகொண்டு நின்றவர், தம்மெதிரே தனித்து நின்ற ஒருவனுக்கு அந்தப் பெருந்தன்மையைக் காட்டவில்லை. மற்றவர்கள் செய்ததும் பாராட்டத் தக்கதன்று. போர், பவுலி, ரோஸன்பெல்ட் ஆகியோர் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்பதை அந்தரங்கத்தில் ஒப்புக்கொண்டனர்; பகிரங்கமாகச் சொல்ல முன்வந்தாரில்லை. 1937-ல் சந்திரசேகர் அமெரிக்கா சென்று சிக்காகோ சர்வகலாசாலையில் அமர்ந்தார். தம் கணக்கை ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து மட்டும் நிற்கவில்லை.

எட்டிங்டனுக்கு 1930-ல் ஸர் பட்டமும், 1938-ல் ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயர்ந்த விருதும் கிடைத்தன. கடைசி ஆண்டுகளை அந்தப் பெருங்கனவிலேயே செலவிட்டார். பௌதிக சாஸ்திரத்திலுள்ள எண்களைப் புத்தியால் மட்டுமே வருவிக்க முயன்ற அந்த முயற்சியைச் சகாக்கள் மௌனமாக ஒதுக்கினர். 1944-ம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி புற்றுநோயால் கேம்பிரிட்ஜில் காலமானார். வயது அறுபத்தொன்று.

அவர் காட்டிய வழி அவரோடு முடியவில்லை. 1960-க்குப் பின் சூரியனின் மேற்பரப்பே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதிர்வது தெரியவந்தது. 2009-ல் அமெரிக்கர் விண்ணுக்கு அனுப்பிய கெப்ளர் தூரதர்சனி, வானத்தின் ஒரே பகுதியை நான்கு ஆண்டுகள் இமை கொட்டாமல் பார்த்துப் பல்லாயிரம் செம்பூத நக்ஷத்திரங்களின் நடுக்கத்தைப் பதிவு செய்தது. செம்பூதம் என்பது மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, உடல் பெருத்து, முதுமை அடைந்த நக்ஷத்திரம். நமது சூரியனும் சுமார் ஐந்நூறு கோடி ஆண்டுகளில் அந்நிலையை அடையும். அதில் ஸீபியட்டின் வால்வு இல்லை. கொதிக்கும் மேற்படலமே அதை நடுங்கச் செய்கிறது. ஒளியில் ஏற்படும் மாறுதல் மிக நுட்பமானது. ஆயினும் அந்த நடுக்கத்தில் மேற்படலத்தின் ஓசையலைகளும் மையத்தின் அலைகளும் ஒன்றோடொன்று கலந்திருப்பதால், மையத்தின் சமாசாரம் வெளியே வருகிறது. இரண்டு செம்பூதங்கள் பார்வைக்கு ஒரே நிறமும் ஒரே ஒளியும் கொண்டிருக்கலாம். ஒன்று மையத்தைச் சுற்றியுள்ள ஓட்டில் ஹைட்ரஜனை மட்டும் எரிப்பது. மற்றொன்று மையத்திலேயே ஹீலியத்தை எரிக்கத் தொடங்கியது. முன்னதில் அடுத்தடுத்த கலப்பு அதிர்வுகளின் கால அளவுகள் சுமார் 50 விநாடி வித்தியாசப்படுகின்றன. பின்னதில் 100 முதல் 300 விநாடி வரை. 2011-ல் வெளியான இந்த முடிவினால் தொலைவிலுள்ள நக்ஷத்திரத்தின் அடுப்பில் எது எரிகிறதென்று சொல்ல முடிகிறது. செம்பூதத்தின் மையம் அதன் மேற்பரப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சுழல்கிறதென்பதும் இவ்வழியாகவே தெரிந்தது. இதே ஆராய்ச்சிக்காக ஐரோப்பியர் திட்டமிட்ட விண்கலம் ஒன்றுக்கு எட்டிங்டன் என்றே பெயர் வைத்திருந்தார்கள். 2003-ல் பணமுடையால் அது கைவிடப்பட்டது.

சந்திரசேகர் 1964-ல் நக்ஷத்திரத் துடிப்புக்கே திரும்பினார். எட்டிங்டன் நியூட்டனின் ஆகர்ஷண விதியைக் கொண்டு எழுதிய துடிப்புக் கணிதத்தை அவர் ஐன்ஸ்டீனின் விதியைக் கொண்டு எழுதினார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒடுங்கிய கோளத்தில் துடிப்பு நிலைகொள்ளாது, அது சரிந்தே தீரும் என்பது அந்தக் கணக்கின் முடிவு. இயற்கை இடந்தராது என்று எட்டிங்டன் சொன்ன காரியத்துக்கு, எட்டிங்டன் வகுத்த வழியாலும் அவரே உலகுக்கு எடுத்துச் சொன்ன சித்தாந்தத்தாலும் இடம் கிடைத்தது. 1982-ல் எட்டிங்டனின் நூற்றாண்டை முன்னிட்டு டிரினிடி கல்லூரியார் சந்திரசேகரையே பேச அழைத்தனர். அவர் 1935-ம் வருஷத்து விவாதத்தை மறைக்கவில்லை. அந்தப் பிரசங்கங்கள் மறுவருஷம் நூலாக வந்தபோது, எட்டிங்டனை அவர் காலத்து நக்ஷத்திர பௌதிக சாஸ்திரிகளில் தலைசிறந்தவராக அதன் தலைப்பிலேயே குறித்திருந்தார். அந்த 1983-ம் வருஷத்தில்தான் சந்திரசேகருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.